‘இருப்போம்’ என்றுதான் அவர் சொன்னார்

அய்யா, நீங்கள் அந்த நோட்டைத் தொலைக்கவில்லை. எடுத்து மறைத்தீர்கள்.

போன மாதம் இதே ஓய்வுபெற்றோர் இதழில் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பேச்சுரிமை, மத உரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை என்று அரசியல் சட்டம் கொடுத்த எல்லாவற்றையும் பணிக்காலம் முழுவதும் காத்து நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிரிவில் எடுத்த குறிப்புகளில் ஒரு சொல்கூடத் திரிந்ததில்லை என்று அதில் ஒரு வரி. மற்றதையெல்லாம் நான் விட்டுவிடுவேன். அந்த வரியை விடமாட்டேன். அந்தக் காவல்துறைப் பிரிவில் இருபத்தாறு வருடம் சுருக்கெழுத்து எடுத்தவள் நான். அதில் ஒன்பது வருடம் உங்களுக்குக் கீழே.

உங்கள் பெயரைப் போட்டால் அச்சிட முடியாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். போடவில்லை. நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

படிக்கிறவர்களுக்கு எங்கள் வேலை என்னவென்று தெரியாது. இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. போன வாரம் ஒரு பெண் காவலர் போனில் கேட்டாள்: “இப்பல்லாம் செல்போன்லயே பிடிச்சிடறோம் மேடம். நீங்க எதுக்கு உக்காந்து எழுதுனீங்க?” அவளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

மருங்காபுரி பக்கம் எங்கள் ஊர். மானாவாரி நிலம். படித்து முடித்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். டைப்பிங் முடித்துச் சுருக்கெழுத்து, அதில் உயர்வேகம். தேர்வு எழுதினேன். ஆசிரியர் வேலை கிடைக்கும் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். காவல்துறையில் கிடைத்தது. பயிற்சி பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கை வலித்தது, அவ்வளவுதான்.

பொதுக்கூட்டம், ஆர்ப்பாட்டம், மறியல் என்று எது நடந்தாலும் மேடைக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பேசுகிறவர் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் எடுக்க வேண்டும். சாதாரண உடையில்தான் போவோம், யூனிபாரம் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். மேடையில் ஏறுகிற எவரும் முதலில் எங்களைத்தான் பார்ப்பார். “போலீஸ் அக்காவுக்கு ஃபேனைத் திருப்புங்கப்பா, நம்மளை உள்ள தள்ளுறதுக்குக் கை காயணும்ல” என்பார்கள். “அக்கா, இப்ப வேகமாத் திட்டப் போறேன், பேனாவுல மை இருக்கா?” என்பார்கள். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். அதில் ஒரு நட்பு இருந்தது. அவர் பேசுவது அவர் உரிமை, எழுதுவது என் வேலை. சரியாக எழுதினால் அது அவருக்கும் பாதுகாப்பு என்று நம்பினேன். இன்ன சொல்லைச் சொல்லவில்லை என்று நிரூபிக்கவும் அந்த நோட்டுதானே உதவும்.

நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். பக்கங்களுக்கு அச்சிட்ட எண் இருக்கும். கிழிக்க முடியாது. கூட்டம் முடிந்ததும் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு, நேரம் எழுதி, கையெழுத்திட வேண்டும். பிறகு ஆபீசுக்கு வந்து நோட்டில் இருப்பதை விரித்து டைப் அடிக்க வேண்டும். எடுத்தவர்தான் அடிக்க வேண்டும். காரணம் இருக்கிறது. சுருக்கெழுத்தில் ஒரு சொல்லின் மெய்யெழுத்துகள் மட்டும்தான் கோடாக விழும். ர-வுக்கும் ற-வுக்கும் ஒரே கோடு. உயிரெழுத்து என்பது ஒரு சின்னப் புள்ளி. கோட்டின் தலையில் வைத்தால் அ, காலில் வைத்தால் இ. பேச்சு வேகத்தில் புள்ளி வைக்க நேரம் இருக்காது. வைக்கமாட்டோம். எழுதியவளுக்கு மட்டும் காதில் அந்தக் குரல் இருக்கும், அதை வைத்துச் சரியாகப் படித்துவிடுவாள். அடுத்தவர் படித்தால் ஊகம்தான். அதனால்தான் டைப் அடித்த பிரதியின் கடைசியில் ஒரு வாசகம் வரும்: ‘என்னால் எடுக்கப்பட்டு என்னாலேயே விரித்து எழுதப்பட்டது.’ அதன் கீழே கையெழுத்து.

சந்தேகம் வரக்கூடிய இடத்தில் மட்டும், எத்தனை வேகமானாலும், புள்ளி வைத்துவிட வேண்டும். இது விதி.

நீங்கள் எங்கள் பிரிவுக்கு வந்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதை ஒப்புக்கொள்கிறேன். முந்தைய அதிகாரி கத்துவார். நீங்கள் கத்தவே மாட்டீர்கள். கடைநிலை ஊழியரைக்கூட ‘வாங்க, உக்காருங்க’ என்பீர்கள். எங்களை ‘அம்மா’ என்பீர்கள். மேஜையில் ஒரு தாள்கூடக் கோணலாக இருக்காது. பச்சை மைப் பேனா ஒன்று. எந்த உத்தரவையும் எழுத்தில் தரமாட்டீர்கள், வாயாலும் முழுசாகச் சொல்லமாட்டீர்கள். பிரதியை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி, பிடிக்காத வரியின் மேல் அந்த மூடியை வைப்பீர்கள். பிறகு ஜன்னலைப் பார்ப்பீர்கள். நாங்கள் எடுத்துப் போய்த் திரும்ப அடித்து வருவோம். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ அங்கேயும் அதே மூடிதான் உட்காரும்.

என் முதல் தப்பு அந்த மூடிக்குப் பணிந்தது. பெரிய பேச்சாளர் ஒருவர். செல்வாக்குள்ளவர். எதிர்க்கட்சி ஆட்களின் வீடு புகுந்து கையை வெட்டச் சொல்லி, தெரு பெயரோடு பேசினார். ஒரு சொல் விடாமல் எடுத்து அடித்துக் கொண்டுவந்தேன். நீங்கள் படித்தீர்கள். மூடியை வைத்தீர்கள்.

“இது வேணாம்மா. அவரு இலக்கியமாப் பேசியிருக்காரு.”

நான் அந்த நான்கு வரிகளை எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். நீங்கள் கத்தியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன்.

இன்னொன்று. பச்சைமலையிலிருந்து சில பெண்கள் கூடுதல் பஸ் விடச் சொல்லி ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி கேட்டார்கள். கேட்ட இடம் நகரத்தின் நடுவில். கொடுத்த இடம் ஊர் எல்லையில் ஒரு காலி மைதானம். கொடுத்த நேரம் காலை ஏழு மணி. மலையிலிருந்து முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான் கிளம்பும். பஸ் போதவில்லை என்று சொல்ல வருகிறவர்களுக்குப் பஸ் வராத நேரத்தில் அனுமதி. முந்தின நாளே வந்து உறவினர் வீட்டில் தங்கிய மூன்று பேர் மட்டும் வந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தேன். அதில் ஒருத்தி பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்து, “நீங்க ஒருத்தராச்சும் கேட்டீங்களே, போதும்” என்றாள். அந்தப் பிரதியைப் பார்த்துவிட்டு, அமைதியாக நடந்தது என்று நீங்கள் திருப்தியாகச் சொன்னது நினைவிருக்கிறதா? உங்கள் கட்டுரையில் கூட்டம் கூடும் உரிமையைக் காத்ததாக எழுதியது இந்த மாதிரிக் கூட்டத்தைத்தானே?

சரி. காதர் பாய்க்கு வருகிறேன்.

பழைய ஊரில் ஒரு தெரு. ஒன்பது ஆட்டுக்கறிக் கடைகள். அந்தத் தெரு வழியாக வருடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னக் கோயிலின் சுவாமி புறப்பாடு வரும். பல காலமாக ஒரு வம்பும் இல்லை. ஒரு வருடம் திடீரென்று, புறப்பாடு வரும் தெருவில் கறிக்கடை கூடாது என்று யாரோ மனு கொடுக்க, ஒன்பது கடைகளையும் ஊருக்கு வெளியே மாற்றச் சொல்லி நோட்டீஸ் வந்தது. கடைக்காரர்கள் ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்டார்கள். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, பகல் மூன்று மணிக்குக் கொடுத்தோம். நல்ல வெயில். எடுக்க நான் போனேன்.

பேசுகிறவர்கள் பட்டியலில் காதர் பாய் இல்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். தெருவின் கடைசிக் கடை அவருடையது. எல்லோரும் பேசி முடித்ததும், மூத்தவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று இழுத்துவந்து மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மைக்கைக் கத்தி பிடிப்பதுபோலப் பிடித்தார். அவர் பேசியது ஐந்து நிமிடம்கூட இல்லை.

“எனக்குப் பேசத் தெரியாதுங்க. கறி வெட்டத்தான் தெரியும். எங்க அத்தா இந்தத் தெருவுலதான் கடை போட்டாரு. சாமி வர்ற அன்னைக்குக் கடையைச் சாத்திட்டு, வாசல்ல தண்ணி தெளிச்சு வெச்சிட்டுப் போவாரு. நானும் அப்படித்தான். யாரும் சொல்லலை, நாங்களாத்தான் சாத்துறோம். இப்ப வந்து ஊருக்கு வெளியே போன்னா எங்க போறது? நாங்க எங்கயும் போகலை. இங்கதான் இருப்போம்.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். கீழே என்னைப் பார்த்தார். எனக்கு எழுத நேரம் கொடுப்பதுபோல, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“எழுதிக்கங்கம்மா. யாரு வந்தாலும் இருப்போம்.”

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. நான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தேன்.

அந்த நோட்டில் நாற்பத்தோராம் பக்கம் அது. மூன்றாவது வரியில் முதல் ‘இருப்போம்’. நான்காவது வரியில் இரண்டாவது. முதல் இடத்தில் புள்ளி வைக்கவில்லை, அது நிச்சயம். இரண்டாவது இடத்தில் வைக்கப் போனேன். கறிக்கடைக்காரர் பேச்சு இது, இந்தக் கோட்டை வேறு மாதிரியும் படிக்கலாம், புள்ளி வை என்று மனசு சொன்னது. பேனா முனையைக் கோட்டின் காலுக்குக் கொண்டுபோனேன். அது வரை நினைவிருக்கிறது. ஆனால் அதே நொடியில்தான் நிமிர்ந்து சிரித்தேன்.

ஆபீசுக்கு வந்ததும் என்னை விரித்து அடிக்க விடவில்லை. மறுநாள் அமைச்சர் வருகை, மருங்காபுரிப் பக்கம் நிகழ்ச்சி, என் சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் நானே போக வேண்டும் என்றீர்கள். மூன்று நாள். நோட்டை வாங்கி இன்னொரு சுருக்கெழுத்தரிடம் கொடுத்தீர்கள். விதிப்படி கூடாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பஸ் ஏறினேன்.

நான்காவது நாள் வந்தேன். உங்கள் மேஜையில் இருபத்தேழு பக்கப் பிரதி தயாராக இருந்தது. கடைசிப் பக்கம் மட்டும் என் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பேனா மூடி, ‘என்னாலேயே விரித்து எழுதப்பட்டது’ என்ற வரியின் கீழே உட்கார்ந்திருந்தது.

“மேல அனுப்பணும்மா. பன்னெண்டு மணிக்குள்ள.”

படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இது என் இரண்டாவது தப்பு. இதற்கு நீங்கள் காரணம் என்று சொல்லமாட்டேன். என் கை, என் கையெழுத்து.

அடுத்த வாரம் காதர் பாயைக் கைது செய்தார்கள். மதங்களுக்கிடையே பகை மூட்டும் பேச்சு என்று வழக்கு. எனக்கு அது ரங்கராஜன் மூலம்தான் தெரிந்தது. ஸ்ரீரங்கத்துக்காரர், ஒரு சின்ன மாலைப் பத்திரிகையின் நிருபர். நெற்றியில் திருமண் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. எல்லாக் கூட்டத்திலும் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. அந்த ஆர்ப்பாட்டத்தை ‘யார் வந்தாலும் இருப்போம்’ என்று தலைப்பிட்டு மறுநாளே எழுதியவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டு நேரே வந்தார்.

“என்னம்மா இப்படி எழுதிட்டேள்? அந்த மனுஷர் இருப்போம்னுதானே சொன்னார்? நீங்க சிரிச்சேள், நான் பார்த்தேனே.”

எனக்குப் புரியவில்லை. அவர் கையில் வழக்கு விவரம் இருந்தது. என் கையெழுத்திட்ட பிரதியில் இப்படி இருந்தது: ‘நாங்க எங்கயும் போகலை. இங்கதான் அறுப்போம். எழுதிக்கங்கம்மா. யாரு வந்தாலும் அறுப்போம்.’

இருப்போம். அறுப்போம். இரண்டுக்கும் ஒரே கோடுதான். அ-வுக்குத் தலையில் புள்ளி, இ-க்குக் காலில் புள்ளி. புள்ளி இல்லையென்றால் படிக்கிறவன் இஷ்டம்.

விரித்து எழுதிய நண்பரிடம் ஓடினேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. கெட்டவர் அல்ல. முகம் வெளுத்துப்போய்ச் சொன்னார்: “கறிக்கடைக்காரரு, கறி வெட்டத்தான் தெரியும்னு மேல சொல்லியிருக்காரு. அப்ப கீழ வேற என்னவா இருக்கும்னு அப்படியே படிச்சிட்டேன் அக்கா.” புள்ளி இருந்ததா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். அவர் மனசில் ஒரு கறிக்கடை பாய் ஏற்கெனவே கத்தியோடு நின்றுகொண்டிருந்தார். எந்தப் புள்ளியும் அவர் கண்ணில் பட்டிருக்காது.

ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். அந்த எண்ணுள்ள நோட்டு அடுக்கில் இல்லை. உங்களிடம் வந்தேன். நின்றுகொண்டே சொன்னேன். ஒரு சொல் தப்பு, திருத்தப் பிரதி அனுப்ப வேண்டும், அவர் இருப்போம் என்றுதான் சொன்னார் என்றேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள்.

“அப்ப நீங்க எழுதாததை எழுதினதாக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அது தெரிஞ்சா உங்களுக்குத்தாம்மா கஷ்டம். கோர்ட்டு பார்த்துக்கும், விடுங்க.”

விட்டேன். நான்கு வருடம் விட்டேன். இதுதான் மூன்றாவது தப்பு. முதல் இரண்டையும் சேர்த்து வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

காதர் பாய் பதினெட்டு நாள் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தார். கடை போய்விட்டது. அதை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. அவருக்கு இருந்த ஒரே ஆசை ஹஜ். வாழ்நாளெல்லாம் அதற்காகச் சேர்த்து வைத்து, மனு போட்டு, இரண்டாவது முறை குலுக்கலில் பெயர் வந்தது. பாஸ்போர்ட் கேட்டார். வழக்கு நிலுவையில் இருப்பதால் இல்லை என்றார்கள். கோர்ட்டில் அனுமதி கேட்டு அவர் வக்கீல் மனு போட்டார். அரசுத் தரப்பு எதிர்த்தது. எதிர்த்து என்ன வாசித்தார்கள் தெரியுமா? ‘யாரு வந்தாலும் அறுப்போம்.’ இப்படிப் பேசியவரை வெளிநாடு விட்டால் திரும்ப வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்றார்கள். மனு தள்ளுபடி. அடுத்த வருடம் மறுபடி மனு, மறுபடி அதே வரி, மறுபடி தள்ளுபடி. ஒவ்வொரு முறையும் அந்த வரிக்குக் கீழே என் கையெழுத்து. அன்று நான் போய் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கலாம். எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாகச் சாட்சிக் கூண்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கோர்ட் வராந்தாவில் அவரும் அவர் மனைவி ரஹ்மத் பீவியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார். கிட்னி கோளாறு என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“அம்மா, நான் சொன்னப்ப நீங்க சிரிச்சீங்க. ஞாபகம் இருக்கா? அறுப்போம்னு சொன்னா யாராச்சும் சிரிப்பாங்களா?”

நான் உள்ளே போனேன். அவர் சொன்னது ‘இருப்போம்’ என்று சாட்சி சொன்னேன். விரித்து எழுதியது நானில்லை என்றும் சொன்னேன். அரசு வழக்கறிஞர் என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவித்தார். இந்தக் கையெழுத்து உன்னுடையதா, ஆமாம். அப்படியானால் கீழே எழுதியிருப்பது பொய்யா, ஆமாம். பொய்யில் கையெழுத்துப் போடுகிறவள் இப்போது மட்டும் உண்மை சொல்கிறாயா? கேள்வி நியாயமானதுதான். காதர் பாயின் வக்கீல் அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டார். நோட்டைத் தாக்கல் செய்ய இயலவில்லை என்று மட்டும் அரசுத் தரப்பு சொன்னது. காரணம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம் என்றார்கள். அந்த எழுத்தை நான் அப்போது பார்க்கவில்லை.

ரங்கராஜனும் சாட்சி சொன்னார். அதற்கு முன் அவரை மூன்று முறை விசாரணைக்கு அழைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெறுமனே உட்கார வைத்து அனுப்பியிருந்தார்கள். அந்தச் செய்தியைப் பற்றி இனி பேச வேண்டாம் என்று பத்திரிகை முதலாளி சொல்லியிருந்தார். வேலை போகும் என்று தெரிந்தே வந்தார். உங்கள் குறிப்பு எங்கே என்று கேட்டார்கள். செய்தி வந்ததும் கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம் என்றார். கோர்ட் சிரித்தது. வேலை போனது. பிறகு ஒருநாள் உத்திர வீதியில் அவர் வீட்டுக்குப் போனேன். “பெருமாளைச் சேவிச்சுட்டு நேரா கூண்டுல ஏறினேன். பொய் சொல்ல வாய் வருமோ?” என்றார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தீர்ப்புக்கு முன்னால் காதர் பாய் இறந்துவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்ததால் வழக்கை முடித்துவைத்தார்கள். குற்றவாளி என்றும் சொல்லவில்லை, நிரபராதி என்றும் சொல்லவில்லை. ஹஜ்ஜுக்குப் போகாமல் போனார். கொலை மிரட்டல் விட்டவர் என்ற பெயர் மட்டும் காகிதத்தில் நிற்கிறது.

வழக்கு மூடியபிறகு எனக்கு உங்களிடமிருந்து ஒரு மெமோ வந்தது. கோர்ட்டில் துறைக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்னதாகக் குற்றச்சாட்டு. நோட்டைக் காட்டுங்கள், பதில் சொல்கிறேன் என்று எழுதினேன். நான்கே நாளில் மெமோ ரத்து. வேறு மாவட்டத்துக்கு மாற்றல். அங்கேயே ஓய்வுபெற்றேன். மெமோவை மடித்துப் பெட்டியில் போட்டேன்.

உங்கள் கட்டுரையைப் படித்த அன்று மத்தியானமே காதர் பாய் வீட்டைத் தேடிப் போனேன். கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. வீடு அதே சந்தில். ரஹ்மத் பீவிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. குரலைக் கேட்டு, “எழுதுற அம்மாதானே?” என்றார். உட்காரச் சொன்னார். டீ போடச் சொன்னார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், என் கையெழுத்து உட்பட. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“எழுதுனதுல தப்பா, படிச்சதுல தப்பா?”

புள்ளி வைத்திருந்தால் படித்ததில் தப்பு. வைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன் என்றால் எழுதியதில் தப்பு. நோட்டைப் பார்க்காமல் எனக்கே தெரியாது.

அவர் மகன் வழக்குக் கட்டை ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார். அதில்தான் நீங்கள் கோர்ட்டுக்குக் கொடுத்த எழுத்தைப் பார்த்தேன். ரெக்கார்டு ரூமில் மழைநீர் கசிந்து, குறிப்பிட்ட நோட்டு படிக்க முடியாதபடி சிதைந்து, முறைப்படி அழிக்கப்பட்டது என்று இருக்கிறது. பச்சை மை. உங்கள் கையெழுத்து.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து என் மெமோவை எடுத்தேன். அதன் மூன்றாவது பத்தி: மூல நோட்டின் நாற்பத்தோராம் பக்கத்தைச் சரிபார்த்ததில், சர்ச்சைக்குரிய சொல்லில் உயிர்ப்புள்ளி எதுவும் காணப்படவில்லை. பச்சை மை. உங்கள் கையெழுத்து. தேதி, மழைக்குப் பதினோரு மாதம் பின்னால்.

வழக்கு மூடிவிட்டது, இனி யாரும் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்து எழுதிவிட்டீர்கள். இப்போது இரண்டும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன.

அழிந்துபோன நோட்டைப் பதினோரு மாதம் கழித்து எப்படிச் சரிபார்த்தீர்கள்? நோட்டு இருந்தது என்றால் கோர்ட்டிடம் பொய் சொன்னீர்கள். அப்போது காதர் பாய் உயிரோடு இருந்தார். நோட்டு இல்லை என்றால், புள்ளி இல்லை என்று என்னிடம் பொய் சொன்னீர்கள். இரண்டில் ஒன்று. மூன்றாவது கிடையாது. ஜன்னலைப் பார்க்காதீர்கள்.

புள்ளி இல்லாமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ரஹ்மத் பீவியிடம் நானே போய், எழுதியதில்தான் தப்பு, எழுதியவள் நான் என்று சொல்லிவிட்டு வருகிறேன். ஆனால் அதைச் சொல்ல நோட்டு வேண்டும்.

இந்த இதழில்தான் உங்கள் கட்டுரை வந்தது. இதே இதழில், உங்கள் முழுப் பெயரைப் போட்டு, பதில் எழுதுங்கள். அந்த நோட்டு எங்கே? நாற்பத்தோராம் பக்கம், நான்காவது வரி, கோட்டின் காலில் புள்ளி இருக்கிறதா, இல்லையா?